புதுப்பித்த வண்டிக்கு வரும் புது நோய்கள்: பழைய செவ்ரோலெட் சி-10 பிக்கப்பின் குறைகளை அறிகுறி வழியே பிடிப்பது

நட்டு நட்டாகப் பிரித்து, துருவை வெட்டி எறிந்து, பெயின்ட் அடித்து, இரண்டு வருடம் கழித்து மீண்டும் பூட்டி முடித்த அன்று சாவியைத் திருப்பினேன். ஒரு சத்தமும் இல்லை. பண்ணையில் புல் முளைத்துக் கிடந்த காலத்தில்கூட முக்கி முனகி ஓடிய வண்டி அது.

என்னுடையது 1970-ஆம் ஆண்டு செவ்ரோலெட் சி-10. பின்னால் எட்டடிச் சரக்குத் தொட்டி, 350 கன அங்குல வி-8 எஞ்சின், தானியங்கி கியர். வாங்கியதும் ஓட்டுவதும் டெக்சாஸில். 1967 முதல் 1972 வரை வந்த அந்தத் தலைமுறை சி-10 வண்டிகள் எல்லாவற்றுக்கும் கீழே எழுதியிருப்பது பொருந்தும். அதே நிறுவனத்திலிருந்து ஜிஎம்சி பெயரில் வந்த உடன்பிறப்புக்கும் ஏறக்குறையப் பொருந்தும். பின்பக்கம் மட்டும் வேறு. செவ்ரோலெட்டில் வழக்கமாகக் காயில் ஸ்பிரிங், ஜிஎம்சியில் பட்டை ஸ்பிரிங்.

பழைய வண்டி தேய்மானத்தால் படுக்கும். புதுப்பித்த வண்டி பெரும்பாலும் நம் கைவேலையால் படுக்கிறது. மின்சாரம் போக வேண்டிய இடத்தில் பெயின்ட், டிரம் பிரேக்குக்கான மாஸ்டர் சிலிண்டரோடு டிஸ்க் பிரேக், உயரத்தைக் குறைத்துவிட்டுக் கோணத்தைத் திருத்தாமல் விட்டது: என் பட்டியலில் முக்கால்வாசி இந்த மூன்றுக்குள் அடங்கிவிட்டது. ஆகவே ஒவ்வொரு அறிகுறிக்கும் முதல் கேள்வியாக, அந்த இடத்தில் கடைசியாக நான் என்ன செய்தேன் என்று கேட்டுக்கொள்கிறேன். பாகம் வாங்குவது அதற்குப் பிறகு.

கையில் வேண்டியவை: ஒரு மல்டிமீட்டர், ஒரு 12 வோல்ட் சோதனை விளக்கு, தூக்கிய வண்டியைத் தாங்கி நிறுத்தும் நல்ல தாங்கிகள், எட்டும் தூரத்தில் தீயணைப்பான், ஒரு நோட்டுப் புத்தகம். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது. இதில் விவாதத்துக்கே இடமில்லை.

சாவியைத் திருப்பினால் ஒன்றும் இல்லை, அல்லது "டக்" என்று ஒரே ஒரு சத்தம்

முதலில் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். விளக்கு அப்படியே மங்கிப்போனால் பேட்டரியோ, அதன் முனைகளோ, தடித்த கேபிள்களோ காரணம். விளக்கு கொஞ்சமும் அசையாமல் எரிந்தால், ஸ்டார்ட்டர் வரை உத்தரவே போய்ச் சேராமல் இருக்கலாம்.

உத்தரவு போகிறதா என்று பார்க்க, ஸ்டார்ட்டரின் மின்காந்த ஸ்விட்சான சொலினாய்டில் ஊதா நிறக் கம்பி பூட்டியிருக்கும் முனையில் சோதனை விளக்கை வைத்து, வேறொருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். அதற்குமுன் கியர் பார்க்கில் இருக்கிறதா, ஹேண்ட்பிரேக் போட்டாயிற்றா என்று பார்த்துவிடுங்கள். விளக்கு எரிந்தும் ஸ்டார்ட்டர் அசையவில்லை என்றால் சொலினாய்டோ ஸ்டார்ட்டரோ போயிருக்கலாம். எரியவில்லை என்றால் பின்னோக்கி நடக்க வேண்டும். தானியங்கி கியர் வண்டியில் முதல் சந்தேகம் ஸ்டியரிங் தண்டின் மேல் இருக்கும் நியூட்ரல் ஸ்விட்ச். பார்க்கில் எடுக்காத வண்டி நியூட்ரலில் எடுத்தால், ஸ்விட்ச் இடம் நகர்ந்திருக்கிறது. தண்டைக் கழற்றி மாட்டிய வண்டிகளில் இது சகஜம். அடுத்து, எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள இரும்புத் தடுப்பில் செருகியிருக்கும் பெரிய கனெக்டர். அதைப் பிரித்துப் பார்த்தால் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும்.

என் வண்டியில் இவை எதுவுமே காரணமாக இல்லை. ஒரு சனிக்கிழமை முழுவதையும் இழந்த பிறகு, நாமக்கல்லில் லாரி வேலை பார்த்து ஓய்வுபெற்ற சித்தப்பாவைத் தொலைபேசியில் பிடித்தேன். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி தம்பி, பெயின்ட் அடித்தாயே, எர்த்துக்கு எங்கே இடம் விட்டாய்?" என்றார்.

இடம் விடவில்லை. இந்த வண்டியில் எஞ்சின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது. கேபினும் ரப்பர் மேல்தான். சேசிஸ், கேபின், எஞ்சின் மூன்றும் மின்சாரத்துக்குத் தனித்தனித் தீவுகள். அவற்றை இணைப்பவை சில கேபிள்களும், எஞ்சினின் பின்புறத்திலிருந்து கேபின் தடுப்புக்குப் போகும் ஒரு பின்னல் பட்டையும்தான். அந்தப் பட்டை என்னிடம் ஒரு காபி டப்பாவில் பத்திரமாக இருந்தது. பேட்டரியின் நெகட்டிவ் கேபிளையோ, மூன்று கோட்டுப் பெயின்ட் பூசிய பிராக்கெட்டின் மேல் அழகாக முறுக்கி வைத்திருந்தேன்.

எர்த் சரியா என்பதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது. மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் ஈயக் குமிழிலும், மறு முனையை எஞ்சினின் வெறும் இரும்பிலும் ஊன்றி, ஸ்டார்ட்டரைச் சுற்ற விடுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 0.5-ஐத் தாண்டினால் அங்கே தடை இருக்கிறது. அடுத்து, ஹெட்லைட்டையும் ஹீட்டர் ஃபேனையும் போட்டுவிட்டுக் கேபினின் இரும்பில் இதே சோதனை. பாசிட்டிவ் பக்கமும் விட்டுவிடக் கூடாது: பேட்டரி குமிழுக்கும் ஸ்டார்ட்டரின் பெரிய போல்ட்டுக்கும் நடுவே, சுற்றும்போது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது.

மருந்து எளிது. போல்ட் உட்காரும் இடத்தில் ஒரு நாணய அகலத்துக்குப் பெயின்டைச் சுரண்டி, இரும்பு பளிச்சென்று தெரிந்த பிறகு பல் வாஷர் வைத்து முறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். புதுப் பெயின்டைச் சுரண்ட மனம் வராது. வந்தாக வேண்டும். எர்த் இல்லாத எஞ்சினில் ஸ்டார்ட்டர் மின்னோட்டம் சும்மா இருக்காது; ஆக்ஸிலரேட்டர் கேபிள் போன்ற மெல்லிய உலோக வழியாகத் திரும்பப் பார்க்கும். கேபிள் சுட்டுப் புகைந்தால் காரணம் அதுவே.

குளிர்ந்த எஞ்சினில் நன்றாகச் சுற்றி, பெட்ரோல் போட நிறுத்திய இடத்தில் மட்டும் சுற்ற மறுத்தால், எஞ்சினின் புகையை வெளியேற்றும் ஹெடர் குழாய் மாற்றினீர்களா என்று பாருங்கள். அந்தக் குழாய் சொலினாய்டை ஒட்டிப் போகிறது. வெப்பத் தகடும், தடித்த கேபிளும் பெரும்பாலும் போதும்.

ஸ்டார்ட் ஆகிறது, சாவியை விட்ட கணமே அணைகிறது

இந்த அறிகுறி எனக்குப் பிடிக்கும். தன் காரணத்தைத் தானே சொல்லிவிடுகிறது.

பாயின்ட் (திறந்து மூடிப் பொறியை உண்டாக்கும் தொடுமுனை) வைத்த இக்னிஷனில், பிளக்குக்கு உயர் அழுத்தம் தரும் காயிலுக்கு இரண்டு வழிகளில் மின்சாரம் வருகிறது. ஸ்டார்ட்டர் சுற்றும்போது சொலினாய்டிலிருந்து முழு பேட்டரி அழுத்தம் நேராக வரும். சாவியை விட்டதும் அந்த வழி அடைபட்டு, தடைக் கம்பி வழியாகக் குறைந்த அழுத்தம் வரும். சுற்றும்போது எரிந்து, விட்டதும் அணைந்தால் இரண்டாம் வழி அறுந்திருக்கிறது. சாவி ஓட்டநிலையில் இருக்க, பாயின்ட் மூடியிருக்கும்போது காயிலின் பாசிட்டிவில் சுமார் 6 முதல் 8 வோல்ட் இருக்க வேண்டும். பூஜ்யம் காட்டினால் தடைக் கம்பியையோ இக்னிஷன் ஸ்விட்சையோ பாருங்கள். முழு 12 காட்டினால், முன்பு யாரோ சாதாக் கம்பி போட்டிருக்கிறார்கள். வண்டி ஓடும், பாயின்ட் சீக்கிரமே கருகும்.

பாயின்டைத் தூக்கிவிட்டு எச்.இ.ஐ. எனும் மின்னணு டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்குப் பொறியைப் பகிர்வது) வைத்தவர்களுக்கு இதே கம்பி தலைகீழாகத் தொல்லை தரும். அதற்கு முழு 12 வோல்ட் வேண்டும். பழைய தடைக் கம்பியையே செருகிவிட்டால் ஐடிலில் சமர்த்தாக ஓடி, வேகம் எடுக்கும்போது திக்கும். கார்புரேட்டரை நான்கு முறை பிரித்த பிறகு இதைக் கண்டுபிடித்தவர்கள் உண்டு. நான் மூன்று முறையோடு நிறுத்திக்கொண்டேன்.

இருமுகிறது, கார்புரேட்டர் வழியே வெடிக்கிறது

பிளக் வயர்களைக் கழற்றி மாட்டிய பிறகு வந்தால், சிலிண்டர்கள் எரியும் வரிசையைப் பாருங்கள். செவ்ரோலெட் வி-8-க்கு 1-8-4-3-6-5-7-2. டிஸ்ட்ரிபியூட்டர் மேலிருந்து பார்க்கக் கடிகார முள் திசையில் சுற்றும். ஓட்டுநர் பக்கத்தில், அதாவது இடப்பக்கம், முன்னிருந்து 1, 3, 5, 7. வலப்பக்கம் 2, 4, 6, 8. ஆறு சிலிண்டர் எஞ்சின் என்றால் 1-5-3-6-2-4.

வரிசை சரியாக இருந்தும், சுமை ஏறும்போது மட்டும் திக்கினால் 5, 7 வயர்களைக் கவனியுங்கள். இரண்டும் பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள், அடுத்தடுத்து எரிபவை. வயர்களை அழகாகச் சேர்த்துக் கட்டினால் ஒன்றின் மின்சாரம் மற்றதில் தூண்டப்பட்டு, 7 தன் நேரத்துக்கு முன்பே பொறி வாங்கிவிடும். வரிசையாகக் கட்டிய வயர்கள் படத்தில் அழகாக இருக்கும். இந்த இரண்டை மட்டும் பிரித்துவிடுங்கள்.

எஞ்சினையே இறக்கி ஏற்றியிருந்து, ஸ்டார்ட் ஆகாமல் மேலே நெருப்பு துப்பினால், டிஸ்ட்ரிபியூட்டர் அரைச் சுற்று தவறி உட்கார்ந்திருக்கலாம். ஒன்றாம் பிஸ்டன் மேலே வருவது இரண்டு முறை. அமுக்க ஓட்டத்தில் வருவதே நமக்கு வேண்டியது. பிளக் துளையில் விரலை வைத்துச் சுற்றினால், காற்று விரலைத் தள்ளுகிற ஓட்டம் எது என்று தெரிந்துவிடும். பாயின்ட் மூடியிருக்கும் கோணமான டுவெல் வி-8-க்கு 30 டிகிரி; மூடியில் உள்ள சிறிய சன்னல் வழியாக, எஞ்சின் ஓடும்போதே அறுகோணச் சாவியால் திருப்பலாம். அந்தச் சன்னலை யோசித்தவர் வாழ்க.

இருபது நிமிடம் ஓடி நிற்கிறது. கேபினுக்குள் பெட்ரோல் வாசனை

இந்த வண்டிகளில் பெட்ரோல் தொட்டி கேபினுக்குள், இருக்கையின் முதுகுக்குப் பின்னால் நிற்கிறது. ஏறக்குறைய 20 கேலன் பெட்ரோலை முதுகில் சாய்த்துக்கொண்டு ஓட்டுகிறோம். அதனால் வாசனை வந்தால் "பழைய வண்டி அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள்.

தொட்டி நிரம்பியிருக்கும்போதும் வளைவுகளிலும் மட்டும் வாசனை வந்தால், நிரப்பும் கழுத்துக்கும் தொட்டிக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாய், அல்லது மேலே அளவுமானி உட்காரும் கேஸ்கட். எப்போதும் வந்தால் அடியில் வெளியேறும் இணைப்பு. இன்று கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. பழைய ரப்பர் அதைத் தாங்காது, மெழுகுபோல மிருதுவாகிக் கசியும். குழாய் வாங்கும்போது எத்தனால் தாங்கும் என்று அச்சிட்டிருப்பதையே வாங்குங்கள். கசிவு தேட இருக்கையை வெளியே எடுத்து, பேட்டரியைக் கழற்றி, இரு கதவுகளையும் திறந்து வைத்துக்கொண்டு டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். கூண்டுபோட்ட பழைய பல்பு விளக்கு வேண்டாம். அது உடைந்தால் போதும்.

நின்றுபோவதற்கு வருவோம். நின்ற உடனே பெட்ரோல் மூடியைத் திறங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே இழுத்தால் நோய் அதுதான். என் வண்டியின் தொட்டி மூடி வழியாகவே மூச்சு விடுகிறது. பளபளவென்று குரோம் பூசிய புது மூடி ஒன்றை வாங்கி மாட்டினேன்; அது காற்றுப் புகாத வகை. பெட்ரோல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் கூடி, பம்ப் இழுக்க முடியாமல் நின்றது. பத்து நிமிடம் காத்திருந்தால் மீண்டும் ஓடும், அதனால் வெப்பத்தின் மேல் பழி போட்டுக்கொண்டிருந்தேன். பழைய துருப்பிடித்த மூடியை மாட்டியதும் சரியாயிற்று.

தொட்டியைக் கேபினிலிருந்து எடுத்து, பின்னால் சரக்குத் தொட்டியின் தரைக்கு அடியில் சேசிஸ் நடுவே மாற்றுவது பலரும் செய்கிற வேலை. செலவுக்குத் தகுந்த வேலை என்பது என் கருத்து. பாதுகாப்பும் கிடைக்கும், இருக்கைக்குப் பின்னால் இடமும் கிடைக்கும்.

சூடு ஏறுகிறது

எப்போது ஏறுகிறது என்பதிலேயே பாதி விடை. சிக்னலில் நிற்கும்போது ஏறி, ஓடினால் இறங்கினால் காற்று போதவில்லை: ஃபேன், ஃபேன் கிளட்ச், அல்லது கழற்றி வைத்துவிட்டு மறந்த ஃபேன் கூடு. இறக்கைகள் பாதி கூட்டுக்குள்ளும் பாதி வெளியிலும் இருக்க வேண்டும். நெடுஞ்சாலையில் ஏறினால் நீர் போதவில்லை: அடைபட்ட ரேடியேட்டர், அல்லது கீழ்க் குழாய். அந்தக் குழாய்க்குள் ஒரு கம்பிச் சுருள் இருக்கும். அது இல்லாத குழாயைப் பம்ப் வேகமாக இழுக்கும்போது உறிஞ்சி ஒட்ட வைத்துவிடும். பானெட்டைத் திறந்து, வண்டியை நிறுத்தியபடியே எஞ்சின் வேகத்தை ஏற்றிக் குழாயைப் பாருங்கள். தளர்ந்த உடை ஃபேனுக்கு அருகே வேண்டாம்.

நிஜமாகவே சூடா, அல்லது முள் பொய் சொல்கிறதா? சென்சாரின் மரையில் வெள்ளை டேப் சுற்றிப் பூட்டினால் எர்த் கெட்டு முள் குறைவாகக் காட்டும். சென்சார் கம்பியைக் கழற்றினால் முள் குளிர்ச்சிக்குப் போக வேண்டும், எஞ்சின் இரும்பில் தொட்டால் சூட்டின் உச்சிக்கு. இரண்டும் நடந்தால் மீட்டரும் கம்பியும் நலம்.

முன் பிரேக் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது

இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் நான் இதில் பயந்துவிட்டேன். வீட்டிலிருந்து கிளம்பும்போது எல்லாம் சரி. ஆறேழு மைல் போனதும் வண்டி யாரோ பின்னால் இழுப்பதுபோல் கனத்தது. நிறுத்தி இறங்கினால் முன் சக்கரங்களிலிருந்து கருகிய வாசனை. பத்து நிமிடத்தில் தானாக விட்டது. மறுபடி கிளம்பினால் மறுபடி அதே கதை.

1970 வரை சி-10-இன் முன் சக்கரங்களில் டிரம். 1971 முதல் டிஸ்க். அதனால் 1971, 72 வண்டியின் முன் பாகங்களைக் கழற்றி முந்தைய வண்டியில் மாட்டுவது இந்தத் தலைமுறையில் மிகப் பரவலான மாற்றம். இதில் இரண்டு பள்ளங்கள் உண்டு. ஒன்று, 1971-இல் சக்கரப் போல்ட்களும் மாறின. முன்பு ஐந்தரை அங்குல வட்டத்தில் ஆறு போல்ட். பிறகு ஐந்து அங்குல வட்டத்தில் ஐந்து. முன்னால் ஐந்தும் பின்னால் ஆறுமாக நிற்கும் வண்டிக்கு ஸ்டெப்னி எது? பின் அச்சுத் தண்டையும் மாற்ற வேண்டும், அல்லது ஆறு போல்ட் டிஸ்க் வாங்க வேண்டும். இதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்.

இரண்டாவதே என் நோய். பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளுவது மாஸ்டர் சிலிண்டர். டிரம் பிரேக்குக்கான மாஸ்டர் சிலிண்டரின் வெளியேறும் வாயில் ஒரு சிறு வால்வு இருக்கிறது. காலை எடுத்த பிறகும் குழாயில் சுமார் 10 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு) அழுத்தத்தை அது தேக்கி வைக்கும். டிரம்முக்குள் இருக்கும் இழுப்பு ஸ்பிரிங்குக்கு அது பொருட்டே இல்லை. பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பரில் அப்படி ஸ்பிரிங் கிடையாது. அந்த 10 பிஎஸ்ஐ பேடை டிஸ்க்கோடு உரச வைக்கும். உரசினால் சூடு, சூட்டில் பிரேக் ஆயில் விரியும், விரிந்தால் இன்னும் இறுகும்.

எங்கே குற்றம் என்று பிடிக்க, வண்டி இறுகி நிற்கும்போதே சோதிக்க வேண்டும். ஆறவிட்டால் தடயம் போய்விடும். சக்கரத்துக்குக் கட்டை வைத்து, முன்புறத்தைத் தாங்கியில் ஏற்றி, சக்கரம் கையால் சுற்றவில்லை என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். மாஸ்டர் சிலிண்டரை, மிதிக்கு வலு கூட்டும் பூஸ்டரோடு பிணைக்கும் இரண்டு நட்டுகளை மூன்று நான்கு சுற்று தளர்த்திச் சிலிண்டரைச் சற்று முன்னே இழுங்கள். சக்கரம் விட்டால், தள்ளு தண்டு நீளமாக இருக்கிறது. அது பிஸ்டனை முழுதாகத் திரும்ப விடாமல், ஆயில் திரும்பும் துளையை மூடி வைத்திருக்கிறது. விடவில்லை என்றால் மாஸ்டரிலிருந்து முன்பக்கம் போகும் குழாயின் நட்டைத் தளர்த்துங்கள். ஆயில் பீறிட்டு இரு சக்கரமும் விட்டால் அந்தத் தேக்கு வால்வுதான். அப்போதும் விடாமல், காலிப்பரில் காற்று எடுக்கும் நிப்பிளைத் திறந்தால் மட்டும் விட்டால் நடுவில் இருக்கும் ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கி அடைத்திருக்கிறது. நிப்பிளைத் திறந்தும் விடவில்லை என்றால் காலிப்பரின் பிஸ்டனோ, அது நகரும் ஊசிகளோ துருவில் சிக்கியிருக்கின்றன. பிரேக் ஆயில் பெயின்டைத் தின்னும். ஈரத் துணியும் ஒரு வாளித் தண்ணீரும் பக்கத்தில் இருக்கட்டும்.

பெடல் மெத்தென்று அமுங்கினால், எத்தனை முறை காற்று எடுத்தும் திருந்தாவிட்டால், காலிப்பர்களைப் பாருங்கள். இடது வலது மாறி மாட்டினாலும் போல்ட் பொருந்திவிடும்; நிப்பிள் மட்டும் கீழ்ப்பக்கம் போய்விடும். காற்று மேலே தங்கும், நிப்பிள் கீழே திறக்கும். ஒரு கேலன் ஆயில் ஊற்றினாலும் அது வெளியே வராது.

தாழ்த்திய பிறகு: டயர் உரசல், அதிர்வு, அலைச்சல், முதுகெலும்பில் இடி

முன்னே நான்கு அங்குலம், பின்னே ஆறு என்று இந்த வண்டியைத் தாழ்த்துவது வழக்கம். பார்வைக்கு இதைவிட அழகான கோடு எனக்குத் தெரியாது. ஆனால் தொழிற்சாலையில் வரைந்த கோணங்கள் எல்லாம் அந்த ஆறு அங்குலத்தோடு இடம் மாறிவிடும்.

பின் டயர் ஒரு பக்கம் மட்டும் உரசினால், அச்சு பக்கவாட்டில் நகர்ந்திருக்கிறது. அச்சைச் சேசிஸோடு குறுக்கே பிணைக்கும் தண்டு ஒன்று உண்டு. அச்சு மேலே ஏறும்போது அந்தத் தண்டு ஒரு வில்லில் ஆடி, அச்சை ஒரு பக்கம் தள்ளிவிடும். சரக்குத் தொட்டியின் விளிம்பிலிருந்து தூக்குநூல் விட்டு, இரு பக்கமும் டயர் வரை அளந்தபோது என் வண்டியில் பின் அச்சு முக்கால் அங்குலம் நகர்ந்திருந்தது. நீளம் மாற்றக்கூடிய தண்டு வாங்கி நடுவில் கொண்டுவந்தேன். அளக்கும்போது வண்டி தன் சக்கரங்களிலேயே நிற்க வேண்டும்.

மணிக்கு 60 மைலில் அதிர்வு வந்தால், முதலில் அது எதன் அதிர்வு என்று பிரியுங்கள். வெறிச்சோடிய சாலையில் அந்த வேகத்தில் நியூட்ரலுக்குத் தள்ளிப் பாருங்கள். நின்றுவிட்டால் எஞ்சின் பக்கம். தொடர்ந்தால் சக்கரமோ புரொப்பல்லர் ஷாஃப்டோ. 28 அங்குல டயர் அந்த வேகத்தில் விநாடிக்கு 12 முறை சுற்றும், ஷாஃப்ட், 3.73 பல் விகிதம் என்றால், கிட்டத்தட்ட 45 முறை. பன்னிரண்டு என்பது கையால் உணரக்கூடிய குலுக்கல், ஸ்டியரிங்கிலும் இருக்கையிலும் தெரியும். நாற்பத்தைந்து என்பது தரையிலிருந்து காதுக்கு ஏறும் ரீங்காரம். ரீங்காரம் என்றால் டயர் கடைக்குப் போகாதீர்கள்.

காரணம் இதுதான்: பின் அச்சு இரண்டு நீண்ட கைகளின் மேல் போல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறது. தாழ்த்தினால் கைகளின் பின்முனை மேலே ஏறி, அச்சின் மூக்கு கீழே குனிந்துவிடும். கியர்பாக்ஸின் வெளியேறும் தண்டும் அச்சின் மூக்கும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். முன்னது மூன்று டிகிரி கீழே சாய்ந்தால் பின்னது மூன்று டிகிரி மேலே. கோணமானியால் அளந்து, கைக்கும் அச்சுக்கும் நடுவே ஆப்புத் தகடு வையுங்கள். என்னுடையதுபோல் நீளத் தொட்டி வண்டியில் ஷாஃப்ட் இரண்டு துண்டு. நடுத் தாங்கியின் ரப்பரையும் உயரத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

பள்ளத்தில் விழும்போது இரும்போடு இரும்பு மோதும் இடி கேட்டால், அச்சு சேசிஸின் அடியில் முட்டுகிறது. நான்கு அங்குலத்துக்கு மேல் பின்னால் தாழ்த்தினால், அச்சுக்கு மேலே சேசிஸைப் பிறைபோல வெட்டி, வலுவூட்டும் தகடு வைத்தாக வேண்டும். வெட்டுவதற்கு முன் தகட்டை வாங்கி அளந்து வைத்துக்கொள்ளுங்கள். வெட்டிவிட்டு வாங்கலாம் என்று நினைக்காதீர்கள்.

வண்டி நேர்சாலையில் அலைந்தால், உடனே ஸ்டியரிங் பெட்டியின் திருகை இறுக்கத் தோன்றும். அது கடைசி வேலை. அதிகம் இறுக்கினால் நடுவில் சிக்கி, திருப்பம் முடிந்தும் தானாகத் திரும்பி வராது. எஞ்சினை அணைத்து, வேறொருவரை ஸ்டியரிங்கை ஒரு விரல் அகலத்துக்கு இப்படியும் அப்படியும் ஆட்டச் சொல்லிவிட்டு, பெட்டியிலிருந்து சக்கரம் வரை ஒவ்வொரு மூட்டிலும் கை வைத்துப் பாருங்கள்: தண்டின் அடியில் உள்ள ரப்பர் இணைப்பு, ஐட்லர் கை, டை ராட் முனைகள். எங்கே ஆட்டம் நுழைந்து எங்கே நின்றுபோகிறதோ அங்கே தேய்மானம். மூட்டெல்லாம் இறுக்கமாக இருந்தும் அலைந்தால் காஸ்டர். சைக்கிளின் முன்கவை பின்னால் சாய்ந்திருப்பதைப் போன்ற அந்தச் சாய்வுதான் சக்கரத்தை நேராக வைத்திருக்கிறது. பவர் ஸ்டியரிங்கும் ரேடியல் டயரும் உள்ள வண்டிக்கு மூன்று, நான்கு டிகிரி பாசிட்டிவ் கேளுங்கள். பழைய கையேட்டு அளவைப் பார்த்துச் செய்தால் அலைச்சல் போகாது.

விளக்கும் முள்ளும் பித்துப் பிடித்தாற்போல் நடந்துகொள்கின்றன

பிரேக்கை மிதித்தால் வேறு விளக்குகள் மங்கலாக எரிகின்றன, இடது சிக்னல் போட்டால் வலதும் சிமிட்டுகிறது என்றால், பின் விளக்கின் எர்த். சரக்குத் தொட்டியைப் பெயின்ட் அடித்தபோது விளக்குக் கிண்ணம் உட்காரும் இடத்தையும் சேர்த்து அடித்துவிட்டோம். கிண்ணத்திலிருந்து சேசிஸுக்கு ஒரு தனிக் கம்பி இழுத்துவிட்டால் தீர்ந்தது.

பெட்ரோல் முள் எப்போதும் நிறைவைத் தாண்டி நின்றால் கம்பி அறுந்திருக்கிறது, அல்லது தொட்டிக்கு எர்த் இல்லை. எப்போதும் காலியில் கிடந்தால் கம்பி எங்கோ இரும்பைத் தொடுகிறது. மானி காலிக்கு 0 ஓம், நிறைவுக்கு 90 ஓம். தொட்டியை இறக்குவதற்கு முன் மேலேயே ஓம் அளந்துவிடுங்கள்.

எல்இடி பல்பு போட்ட பிறகு சிக்னல் சரியாகச் சிமிட்டவில்லை என்றால், சிமிட்ட வைக்கும் ஃபிளாஷரை மாற்றுங்கள்.

மழை பெய்தால் கால் நனைகிறது

வலப்பக்கத் தரை ஈரம் என்றால் தொட்டு முகர்ந்து பாருங்கள். பிசுபிசுப்பும் இனிப்பு வாசனையும் இருந்தால் ஹீட்டர் ரேடியேட்டர். வெறும் தண்ணீர் என்றால் முன் கண்ணாடிக்குக் கீழே காற்று நுழையும் சல்லடைப் பகுதி. ஐம்பது வருட இலைச் சருகு அங்கே மக்கி மண்ணாகியிருக்கும். அது ஈரத்தைப் பிடித்து வைத்து, கேபின் மூலைகளையும் முன் ஃபெண்டரின் அடியையும் உள்ளிருந்தே தின்னும். நான் அதற்குள்ளிருந்து இரண்டு வாளி கறுப்பு மண் அள்ளினேன். அதில் ஒரு செடி முளைத்திருந்தது. சந்தேகம் தீர, ஒருவர் உள்ளே டார்ச்சோடு படுத்துக்கொள்ள, மற்றவர் தண்ணீர்க் குழாயைக் கீழிருந்து மேலாக நகர்த்த வேண்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லா ஓட்டையும் ஒரே நேரத்தில் ஒழுகி எதையும் சொல்லாது.

கதவு மூட மறுக்கிறது

முதலில் கதவைத் திறந்து பின்முனையைப் பிடித்துத் தூக்குங்கள். மேலும் கீழும் ஆடினால் கீல் ஊசிகளும் புஷ்களும் தேய்ந்திருக்கின்றன, மலிவான வேலை. ஆடவில்லை, ஆனால் மேல் இடைவெளி விரிந்து கீழே உரசுகிறது என்றால், கேபின் தாங்கி ரப்பர்களைப் பாருங்கள். ஒரு தகடு வாஷர் கூடவோ குறையவோ வைத்தால் கதவு தானாகப் பொருந்துவதுண்டு.

இரண்டும் இல்லை, கதவுக்கு அடியில் ஓடும் பெட்டிச் சட்டத்தை வெட்டி மாற்றிய பிறகு வந்த கோணல் என்றால், செய்தி நல்லதல்ல. அந்தச் சட்டம் கேபினின் முதுகெலும்பு. கதவுத் திறப்புக்குள் குறுக்குக் கம்பி பற்றவைக்காமல் அதை வெட்டினால், கேபின் நடுவில் தொய்ந்துவிடும். என் வலக் கதவு அப்படித் தொய்ந்த ஒன்று. புதுச் சட்டத்தின் வெல்டிங்கைத் திரும்ப அறுத்து, கேபின் தரையை ஜாக்கால் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி, கதவை மாட்டி மூடிப் பார்த்து, மேல் இடைவெளி ஒரே அளவாக வந்த பிறகு ஒரு அங்குலம் இங்கே, ஒரு அங்குலம் அங்கே என்று மாற்றி மாற்றிப் புள்ளி வைத்தேன். மூன்று வாரம் ஆனது. இடக் கதவுக்கு முதலிலேயே கம்பி வைத்துவிட்டேன்; அது ஒரு மதியத்தில் முடிந்தது.